கொள்ளுத்தாத்தாவின் நிறம்

"கொள்ளுத்தாத்தா பழுப்பு நிறத்துலதான் இருக்கணும். அப்பதான் பழைய படம்னு ஒரு மரியாதை!" என்றார் அண்ணன்.

"நீலம்தான். அவரு குளிர்ந்த மனசுக்காரரு" என்றாள் தங்கை.

"குளிர்ந்த மனசா? கோபத்துல சம்பந்தியையே கிணத்துல தள்ளினவரு!"

ஸ்டுடியோக்காரருக்குப் புரையேறியது.

காலமான பெரியப்பாவின் வீட்டுச் சுவரிலிருந்து கழற்றி வந்த கருப்பு வெள்ளைப் படம் அது. ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியதிலிருந்து இருவரும் கீரியும் பாம்புமாக நின்றார்கள்.

"நிறமே வேணாம், அப்படியே விட்டுடலாமே?" என்று மென்று விழுங்கினார் ஸ்டுடியோக்காரர்.

"உங்களுக்கென்ன தெரியும்? அந்த மூக்கைப் பாருங்க, அச்சு அசல் என் மூக்கு!" என்றார் அண்ணன்.

"கண்ணு எனக்கு" என்று தங்கை கலங்கினாள்.

ஸ்டுடியோக்காரர் பெருமூச்சு விட்டு, படத்தின் இருண்ட இடங்களுக்கு நீலமும் வெளிச்சமான இடங்களுக்குப் பழுப்பும் ஏற்றினார். இருவரும் திரையைக் கையெடுத்துக் கும்பிட்டு, ஆளுக்கொரு பிரதியோடு சமாதானமாகக் கிளம்பினார்கள்.

உள்ளேயிருந்து டீயோடு வந்த மனைவி திரையைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"என்னங்க, பிரேம் கடையில சாம்பிளுக்கு வைக்கறதுக்காக நீங்க ஒட்டு மீசையோட எடுத்துக்கிட்ட படமாச்சே இது! பிரேமை வாங்கினவங்க படத்தை மாத்தவே இல்லையா?"

"மெதுவா பேசு!" என்று வாசலை எட்டிப் பார்த்தார் அவர். "என் கொள்ளுப்பேரனும் பேத்தியும் இன்னும் படி இறங்கலை."