ஆறு மணி வீடியோ

“என்ன முறைக்கறீங்க? போய்க் கையைக் கழுவுங்க!” என்று திரையில் நர்ஸ் அதட்டினாள். சுகாதாரத் துறையின் பக்கத்தில் வீடியோ போடுகிறவன் அதைக் கேட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

காய்ச்சல் ஊரை உலுக்கத் தொடங்கியதிலிருந்து தினமும் மாலை ஆறு மணிக்கு அவள் வந்துவிடுவாள். ‘சோப்பு அக்கா’ என்று ஊரே பேர் வைத்துவிட்டது. அவனுடைய மகளும் அவளைப் பார்க்காமல் சாப்பாட்டில் கை வைப்பதில்லை.

வீடியோவுக்குக் கீழே கேலிக்குப் பஞ்சமிருக்காது. ‘அக்காகிட்ட அந்தப் பச்சை ஸ்வெட்டரை விட்டா வேற இல்லையா?’ துறையின் பெயரில் அவனே பதில் போடுவான்: ‘அவங்க ஸ்வெட்டரைத் துவைச்சுட்டாங்க. நீங்க கையைக் கழுவினீங்களா?’

கதவைத் திறந்துகொண்டு அதிகாரி வந்தாள். உட்காரவில்லை.

“இன்னைக்கு இதைப் போட வேண்டாம்.”

“வேற யார் சொன்னா கேக்கறாங்க மேடம்? பெரிய டாக்டர் பேசினதை அவர் வீட்டம்மாவே முழுசாப் பார்க்கலையாம்.”

அவள் சிரிக்கவில்லை. “எல்லாம் ஒரே நாள்ல எடுத்ததுதானேன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அதையே பத்துப் பேர் பரப்பிட்டிருக்காங்க. இதுல நாம மழுப்பினா, நாளைக்குத் தடுப்பூசி போட்டுக்கங்கன்னு சொல்லும்போது எவனும் நம்பமாட்டான்.”

“ஒரே நாள்ல எடுத்தா என்ன குத்தம்? அவ சொன்னது பொய்யா?”

“அவங்க சொன்னது பொய்யில்ல. தினம் புதுசா வந்து பேசற மாதிரி நாம காட்டறோமே, அதுதான் பொய்.”

அவன் வீடியோவை நிறுத்தினான். சோப்பு நுரை படிந்த விரல்களை உயர்த்தியபடி நர்ஸ் திரையில் உறைந்து நின்றாள்.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு மிச்சமிருக்கு மேடம். அதை மட்டும் போட்டுடறேன்.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க.”

“நாளைக்குச் சத்தியமா கேக்கமாட்டேன்.”

“என் கையில இல்ல. மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. இன்னைக்கு உண்மையைச் சொல்லியாகணும். அறிவிப்பை நானே எழுதி வச்சுட்டேன்.”

அவன் கை மவுஸை விட்டு நகரவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏழு மணி வரைக்கும் தள்ளி வைக்கறேன். அதுக்கு மேல முடியாது.”

“ஒரு மணி நேரத்துல என்ன மாறிடப்போகுது?”

அதிகாரி அவன் கையை மவுஸிலிருந்து மெல்ல எடுத்தாள்.

“சோப்பு அக்கா போயிட்டாங்கன்னு நாங்க ஊருக்குச் சொல்றதுக்குள்ள, அம்மா செத்துட்டாங்கன்னு நீங்க வீட்டுக்குப் போய்ப் பாப்பாகிட்ட சொல்லிடுங்க தம்பி.”