பதினேழாம் நம்பர் டோக்கன்

“டேய், கொலைகாரப் பாவி! மூடாதடா!”

அண்ணன் தொண்டை கிழியக் கத்தினான். தலைக்கு மேல் இரும்பு மூடி விழுந்து, போல்ட்டுகள் ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டிருந்தன. இறுக்குவது கூடப்பிறந்த தம்பி. கட்டிக்கொண்டிருக்கும் கப்பலின் அடித்தொட்டிக்கு இன்று காவல் அவன்தான்.

வெளியே கிரைண்டர் இரைச்சல்தான். அதற்காக இந்தக் கத்தல் கேட்காமலா போகும்?

வெல்டிங் வேலை முடிந்து, ஒயரையெல்லாம் மேலே கொண்டுபோய்ப் போட்ட அண்ணன், மறந்துவிட்ட சுத்தியலுக்காகத் திரும்ப இறங்கியிருந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற தம்பியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆறு மாதமாகவே பேச்சுவார்த்தை கிடையாது. வீட்டில் உப்பு வேண்டுமென்றால்கூட அண்ணி மூலம்தான் கேட்டுக்கொள்வார்கள்.

தம்பி ஆசைப்பட்ட பெண்ணைக் கூடவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று தடுத்தவன் அண்ணன். போன வாரம் அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்துவிட்டது. வஞ்சம் வைத்துத் தீர்க்கிறான் பயல்!

சுத்தியலால் தகட்டை அடித்து அடித்துக் கை மரத்துப்போயிற்று. கிரைண்டர் நின்றது. கொஞ்ச நேரத்தில் சங்கும் ஊதியது. இனி இரண்டு நாள் விடுமுறை, ஈ காக்கா எட்டிப் பார்க்காது.

முட்டி போட்டால்தான் நகர முடியும். புகை இன்னும் போகவில்லை, இழுக்க இழுக்க மூச்சு போதவில்லை. மகளை நினைத்தான். அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

உள்ளே இறங்குகிறவன் தன் டோக்கனை வாசல் ஆணியில் மாட்ட வேண்டும், ஏறியதும் எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆணி காலியானால்தான் மூடி போடுவார்கள். பதினேழாம் நம்பரைக் காலையில் அண்ணன் மாட்டியதைத் தம்பியே பார்த்தான். அதைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் மூடியிருக்கிறான்!

சட்டைப்பையில் இருந்த சாக்பீஸை எடுத்து, ஹெல்மெட் விளக்கு வெளிச்சத்தில் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதினான்: ‘என்னைக் கொன்றவன் என் தம்பி.’

கண் செருகும் நேரத்தில் மேலே போல்ட்டுகள் கழன்றன. தம்பி விழுந்தடித்து இறங்கினான்.

“அண்ணே! அண்ணே! எல்லாரும் போயாச்சு, உன் சைக்கிள் மட்டும் கேட்டுல நிக்குது. எனக்கு உசுரே போயிடுச்சு!”

“நடிக்காதடா! என் டோக்கனை எங்க தூக்கிப் போட்ட?”

தம்பி சுவரில் இருந்ததைப் படித்துக்கொண்டிருந்தான். பிறகு அண்ணனின் காலருக்குள் விரலைவிட்டு ஒரு கயிற்றை மெதுவாக வெளியே இழுத்தான்.

“கழுத்துலயே கிடக்குண்ணே.”