சாயம் போன டி-ஷர்ட்

"அண்ணா, பிரிண்ட் பளிச்சுனு இருக்கக் கூடாது. ஆறு வருஷம் துவைச்சுப் போட்ட மாதிரி இருக்கணும்" என்றான் திவாகர்.

"இன்னாப்பா இது? எல்லாரும் சாயம் போகக் கூடாதுன்னு சண்டைக்கு வருவாங்க, நீ போகணும்கிற?" ராபர்ட்சன்பேட்டையில் டி-ஷர்ட் அச்சடிக்கும் மனோகர் சிரித்தார்.

"பொண்ணு பாக்கப் போறேண்ணா. அந்தப் பொண்ணு தினமும் ஓடுவாளாம். ஓடுற மாப்பிள்ளைதான் வேணுமாம். நான் பெங்களூர் ரயிலைப் பிடிக்கத்தான் ஓடுவேன்."

மனோகர் நீல மையில் நிறமில்லாத பசையைத் தாராளமாகக் கலந்து, ஒரே பூச்சில் மெல்லிசாக அச்சடித்தார். காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தார். 'மாரிகுப்பம் மாரத்தான் 2019' என்ற எழுத்துகள் பழசாகி மங்கின.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் அந்த டி-ஷர்ட்டைப் பார்த்ததும், பெண் பார்க்க வந்த இடத்தில் எதிரே உட்கார்ந்திருந்த மமதா கண்களை விரித்தாள்.

"அட, இதுல நீங்களும் ஓடினீங்களா? நானும் ஓடினேனே! மூணாவதா வந்தேன்."

திவாகருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தான்.

"இன்னாங்க, சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லீங்க. நான் நாலாவது. உங்க பின்னாடியேதான் ஓடி வந்திருக்கேன்!"

மாரிகுப்பத்தில் அப்படி ஒரு மாரத்தான் நடந்ததே இல்லை. அந்தப் பெயரை அவனும் மனோகரும் போன வாரம்தான் டீ குடித்தபடி யோசித்து வைத்திருந்தார்கள்.