ஆமை வேகம்

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

சமையலறையிலிருந்து அவள் கேட்டாள். தன் பங்குப் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆகும். நெட் இன்னைக்கு ரொம்ப மோசம்" என்றான் அவள் கணவன். அவளுடைய போன் அவன் கையில் இருந்தது.

அவன் லிஃப்ட் மெக்கானிக். விடியற்காலையிலிருந்து நின்றுபோன ஒரு லிஃப்டோடு மல்லுக்கட்டிவிட்டு, கிரீஸ் வாடையோடு வந்து தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் நர்ஸ். இரவு ஷிஃப்ட் முடிந்து, கண்ணை மூடாமல் நேரே இங்கே வந்திருந்தாள். இரண்டு பேருக்கும் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. போட வேண்டியதையெல்லாம் போன மாதமே போட்டு முடித்தாயிற்று. அன்றைக்கே அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

மிச்சம் மீதிச் சாமான்களை எடுத்துக்கொண்டு போகத்தான் இன்று வந்தாள். அதோடு, கல்யாணத்திலிருந்து சேர்த்துவைத்த படங்கள், வீடியோக்கள். எல்லாம் இணையத்தில் இருவருக்கும் பொதுவான கணக்கில் கிடந்தன. "அக்கா வீட்டுல சிக்னலே இல்ல. இங்கயே இறக்கிக் குடுத்துடுங்க" என்று போனை நீட்டியிருந்தாள். கீழே வேனில் அவள் அண்ணன் காத்திருந்தார்.

"ஊரே உங்க சாஃப்ட்வேரைப் போட்டுக்கிட்டுப் பறக்குதாம். எனக்கு மட்டும் நெட் மோசமா?"

அவன் போனை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

அவள் சொன்னதில் பொய்யில்லை. தன் போனில் எதையும் சீக்கிரம் இறக்க முடியவில்லையே என்ற எரிச்சலில், அவனாகவே கற்றுக்கொண்டு ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதினான். ஒரே ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரே நேரத்தில் இழுக்கும். அதை இலவசமாக இணையத்தில் போட்டதும் பிடித்தது சனி. 'என் போன்ல ஓடலையே', 'பாதியில நிக்குதே' என்று கண்ட கண்ட ஊரிலிருந்தெல்லாம் கேள்விகள். வேலை விட்டு வந்தால் அவர்களுக்குப் பதில் எழுதவே பொழுது சரியாக இருந்தது. தட்டில் சாப்பாடு ஆறும். பக்கத்தில் அவள் இருப்பாள்.

"முகம் தெரியாத ஆளுக்குப் பக்கம் பக்கமா பதில் சொல்றீங்க. நான் கேட்டா 'ம்'. அதுக்கு மேல ஒரு எழுத்து வராதா?" கடைசிச் சண்டையில் அவள் கேட்டது அதுதான். அதற்கும் அவன் "ம்" என்றுதான் சொன்னான்.

"அம்மா பேசுற வீடியோ வந்துடுச்சா?" அவள் கையைத் துடைத்தபடி வந்து, கட்டிவைத்த பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அவள் அம்மா இப்போது இல்லை. அந்தக் குரல் அதில் மட்டும்தான் இருந்தது.

"இன்னும் வரலை. பெரிய ஃபைல்."

"சாப்பிட்டீங்களா?"

"ம்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். "இல்ல, சாப்பிடல. லிஃப்டுக்குள்ள ஒரு பெரியவர் மாட்டிக்கிட்டாரு. பயப்படாதீங்க, இதோ திறந்துடுறேன்னு வெளியில இருந்து கத்துறேன். அவரு, 'மெதுவாவே திற தம்பி. வீட்டுக்குள்ள போனா கிழவி மறுபடி கடைக்கு அனுப்பிடுவா'ங்கிறாரு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோர்ந்துபோன முகத்தில் அது கொஞ்ச நேரம் தங்கியது.

பிறகு அவள் தன் வார்டுக் கதையைச் சொன்னாள். ஊசி என்றால் மயங்கி விழும் போலீஸ்காரர் ஒருவர். அவன் நடுநடுவே கேள்வி கேட்டான். அவள் எழுந்துபோய், பெட்டியில் கட்டிவைத்த இரண்டு டம்ளர்களை மறுபடி பிரித்து டீ போட்டுக்கொண்டு வந்தாள். டீ தீர்ந்த பிறகும் பேச்சு தீரவில்லை.

கீழே ஹாரன் அலறியது. "ஏம்மா, முடிஞ்சுதா இல்லையா?" அண்ணனின் குரல்.

அவள் ஜன்னலுக்குப் போனாள். "இன்னும் கொஞ்ச நேரம்ணா!"

"மாப்பிள்ளைதானே ஸ்பீடுக்குப் பேர்போனவரு? மாட்டுவண்டியே வந்து சேர்ந்திருக்குமே!"

அவன் தலை குனிந்திருந்தது. அவள் திரும்பி வந்ததும் மெதுவாகச் சொன்னான்.

"நெட்டுல ஒரு கோளாறும் இல்ல. நீ போனைக் குடுத்ததும் என் சாஃப்ட்வேரைப் போட்டேன். போட்டு, வேகத்தைக் கூட்டுற இடத்துல குறைச்சு வச்சேன். ஆமை வேகத்துல போற மாதிரி." தொண்டையைச் செருமினான். "முடிஞ்சதும் நீ கிளம்பிடுவேன்னு... வேற ஒண்ணுமில்ல. அண்ணனைப் பாவம் காக்க வச்சுட்டேன். இதோ, சரி பண்ணிடுறேன்."

விரல் இரண்டு இடத்தில் தட்டியது. திரையில் நகர மறுத்துக் கிடந்த பச்சைக்கோடு ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தது. ஆயிரக்கணக்கான பேர் பாராட்டிய வேகம். அது இத்தனை பொல்லாததாக அவனுக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

"இந்தா." திட்டு விழும் என்று எதிர்பார்த்துப் போனை நீட்டினான்.

அவள் அதை வாங்கவில்லை. கைப்பையைத் திறந்து, இன்னொரு போனை எடுத்து அவன் மடியில் வைத்தாள். ஆஸ்பத்திரியில் வேலைக்காகக் கொடுத்திருந்தது. திரையில் அவள் அம்மா கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே அவர்களுடைய கல்யாணப் படம், முதல் வீடு, எல்லாமே வரிசையாக இருந்தன.

"போன வாரமே உங்க சாஃப்ட்வேரைப் போட்டு எல்லாத்தையும் இறக்கிட்டேன். கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றாள் அவள். "அப்புறம், இங்க வந்து உட்கார எனக்கு வேற சாக்குக் கிடைக்கல."