தறிக்குழியில் கடல்

கல்யாணம் முடிந்ததும் அந்தமான் போவதாக இருந்தோம். எந்தத் தீவு, எந்த ஓட்டல் என்று தினமும் போனில் பார்ப்போம். என் வீட்டுக்காரர் வசந்த், முதலாளியிடம் பாவு நூல் வாங்கி வீட்டிலேயே பட்டு நெய்கிறவர். தறியில் இருந்த முகூர்த்தப் புடவையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் முதலாளி. முடித்ததும் அடுத்த பாவு வந்தது, அப்புறம் இன்னொன்று. சித்திரையில் டிக்கெட்டைக் கேன்சல் செய்தோம்.

மறுநாள் குழியில் காலை விட்டுத் தறியில் உட்கார்ந்தவர் கூப்பிட்டார்.

"ஜெயா, குழியில தண்ணி நிக்குதுமா."

"மழையே இல்ல, எங்கேர்ந்துங்க வரும்?"

தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. வாளியால் மொண்டு தெருவில் ஊற்றினோம். சாயங்காலம் மறுபடியும் நின்றது. அப்புறம் மொள்வதை விட்டுவிட்டோம். காலையில் முழங்கால் வரை ஏறும், மதியம் இறங்கும். அவர் அதில் காலை விட்டபடியே நெய்தார்.

"வெதுவெதுன்னு நல்லாத்தான் இருக்குது. நீயும் வந்து கால வையேன்."

"எனக்கு வேலை கிடக்குது," என்றேன்.

நேற்று தறிச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியும் அவர் சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தேன். ஆளில்லை, குழியில் தண்ணீரும் இல்லை. அடியில் வெள்ளை மணல் ஈரமாகக் கிடந்தது. அதில் இரண்டு பேர் சேர்ந்து நடந்த தடம், எதிர்ச்சுவர் வரை போய் நின்றுவிட்டது. பெரிய தடம் அவருடையது. சின்னதில், இரண்டாவது விரலில் மெட்டி பதிந்திருந்தது.

குழியில் இறங்கி அதன்மேல் என் காலை வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது.