இரண்டு சாம்பல் கோடுகள்

"பதினேழாம் நம்பர் விடைத்தாள் எனக்கு வேணும் சார். இப்பவே."

மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். இந்த ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் அவள் சேர்ந்த முதல் நாளே அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: எதை வேண்டுமானாலும் கேள், மார்க் போட்டு அலமாரிக்குள் போன தாளை மட்டும் கேட்காதே.

"அதைக் கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனேம்மா."

"சொன்னீங்க. ஞாபகம் இருக்கு. தாளைக் குடுங்க."

அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். அப்பா மூட்டை தூக்குகிறவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஊரெல்லாம் சொல்லும். அவள் வீட்டிலோ வாயுள்ள பிள்ளைக்குத்தான் முதல் அடி. அப்படியும் அந்த வாய் அடங்கவில்லை.

விஷயம் இதுதான். வரைபடத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் விவரித்து எழுதும் கேள்வி. அதில் பதினேழாம் எண்ணுக்கு இருபதுக்கு ஐந்து. அந்த ஐந்தால் மொத்தத்தில் மூன்று மார்க் குறைந்து, தேர்வே போயிற்று. தேறியவர்களுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு நேர்முகம். தேறாவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்துக் கிடக்க வேண்டும். நேற்று சாயங்காலத்திலிருந்து அந்த ஐந்து அவள் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகவே சொன்னார். சிவப்புக் கோடு பஸ்ஸில் போகிறவர்கள், அது வருடா வருடம் ஏறுகிறது. நீலக் கோடு சைக்கிளில் போகிறவர்கள், அது இறங்குகிறது. பதினேழு இரண்டையும் தலைகீழாக எழுதிவைத்தால் யார் என்ன செய்ய முடியும் என்றார்.

அவள் கைப்பையிலிருந்து கசங்கிய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, அவர் முன்னால் நீவி விரித்தாள்.

"இதுல சிவப்பு எது, நீலம் எது? காட்டுங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாளை ஜன்னல் பக்கம் திருப்பினார். ஒரு கோட்டின் மேல் விரலை வைத்தார்; எடுத்து, அடுத்ததன் மேல் வைத்தார். கலர் மை தீர்ந்துபோய், அவசரத்துக்குக் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்திருந்தார்கள். திருத்துகிறவர்களுக்குப் போனது மட்டும்தான் கலர் தாள். இரண்டு கோடும் ஒரே சாம்பல்.

"இது உன் கைக்கு எப்படி வந்துச்சு? கேள்வித்தாளை எல்லாம் திருப்பி வாங்கியாச்சே."

"நேத்து சாயங்காலம் குப்பைக்கூடைல கிடந்துச்சு. கோட்டைக் காட்டுங்க சார்."

"பாதிப் பேர் சரியாத்தானேம்மா எழுதியிருக்காங்க?"

"பூவா தலையா போட்டாக்கூட பாதிப் பேர் சரியாத்தான் சொல்வாங்க. மாத்தி எழுதின மத்தவங்க வேற கேள்வியைப் பிடிச்சுக் கரையேறிட்டாங்க. பதினேழு மட்டும் முழுகிடுச்சு."

பிறகு அவள் மூச்சு விடாமல் கொட்டினாள். வருடத்தில் தப்பில்லை, எண்ணில் தப்பில்லை. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் வரை அப்படியே சரி. ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்று ஒரு வரி கதை அளக்கவில்லை. பார்த்தது மட்டும்தான் தாளில் இருக்கிறது.

"இதுக்கு அஞ்சு மார்க் போட்டது யாரா இருந்தாலும், அது படிச்ச கழுதை சார்."

மேலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதை நீயே சொல்றியா?"

"நான்தான் சொல்லணும். வேற யார் சொல்வா?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு எச்சரித்தார். ஒரு தாளைத் திறந்தால் நாளைக்கு எல்லோரும் வரிசையில் வந்து நிற்பார்கள். மேலிடத்துக்குத் தெரிந்தால் அடுத்த மாதம் உனக்கு இங்கே இடம் இருக்காது, அப்புறம் என்னைக் குறை சொல்லாதே என்றார்.

"தெரியும் சார். படியேறும்போதே முடிவு பண்ணிட்டுத்தான் வந்தேன்."

அவர் பெருமூச்சு விட்டு அலமாரியைத் திறந்தார். கட்டைப் பிரித்து, பதினேழாம் தாளை உருவி நீட்டினார்.

ஐந்துக்கு முன்னால் ஒரு ஒன்று போட்டாலே போதும். ஆனால் தப்பு தப்பாகவே தெரியட்டும் என்று, நின்றபடியே அந்த ஐந்தைக் குறுக்கே அடித்தாள். பக்கத்தில் பதினைந்து என்று எழுதினாள். தொண்டை முள் இறங்கிவிட்டது. காலையிலிருந்து இல்லாத பசி சுகமாக எடுத்தது.

மேலாளர் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "இவ்வளவு மல்லுக்கட்டறியே, யாரும்மா அந்தப் பதினேழு? சொந்தமா, சிநேகிதியா?"

"எனக்கென்ன தெரியும்?" சிவப்புப் பேனாவை மூடிப் பையில் போட்டபடி கதவைத் திறந்தாள். "திருத்தற டீச்சருக்கு எழுதினவங்க பேர் தெரியக் கூடாதுன்னு நீங்கதானே சார் சட்டம் போட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.