வாசிக்காத செய்தி

மாலைச் செய்தி முடிந்து ஸ்டூடியோ விளக்குகள் அணைந்ததும் செய்தி ஆசிரியர் சிடுசிடுவென்று வந்தார்.

"அமைச்சர் ராஜினாமாவை வாசிச்சே, தேர்தல் தேதியை வாசிச்சே, போர்நிறுத்தப் பேச்சு முறிஞ்சதையும் வாசிச்சே. ஏவுகணை தாக்கிச் சரக்குக் கப்பல் மூழ்கினதை மட்டும் எப்படிம்மா விட்டே?"

"அசதி சார், கண் தவறிடுச்சு" என்றாள் அவள். "தலை வலிக்குது. வீட்டுக்குக் கிளம்பட்டுமா?"

"உலகமே பத்தி எரியுது, உனக்குத் தலைவலியா? சரி, போ" என்று அலுத்துக்கொண்டார்.

செய்தி வாசிக்க உட்காரும் முன் வந்த போனைப் பற்றி அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் தவித்தாள்.

வீட்டில் டிவி ஓடவில்லை. அம்மா விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, நியூஸ் பாக்கலையா?"

"பாத்தேன். மத்த எல்லா சேனல்லயும் கப்பல் மூழ்கினதைத்தான் சொன்னாங்க, பேரை மட்டும் சொல்லலை. உங்கண்ணன் கப்பலா இருக்காதுன்னு மனசைத் தேத்திக்கிட்டு உன் சேனலைப் போட்டேன்."

அம்மா அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"நீ அதை வாசிக்கலையேடி. அப்பவே தெரிஞ்சுபோச்சு."